முந்நூறு ஓம்

டர்பைன் பூட்ட வந்த ஜெர்மன்காரர்
விட்டுப்போன ஹெட்போன் இது.
காதை முழுசாக மூடும்.
என் போனில் குத்தினால்
பக்கத்து மலையில் யாரோ
வாளிக்குள் தலையை விட்டுப் பாடுவது மாதிரி இருக்கும்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
குணபாலசிங்கத்தின் ரேடியோ ரிப்பேர் கடை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
பொடி எழுத்தை வாசித்தார்:
"முந்நூறு ஓம். உங்கட போன் இதைத் தள்ளாது தம்பி."
"ஓமா?"
"ஓம்."
யாழ்ப்பாணத்துக்காரர். அளவும் ஓம்,
ஆமாவும் ஓம்.
முந்நூறு தரம் கேட்டால்தான்
ஒரு தரம் ஆமா சொல்லுகிற சாமான் போல
என்று எடுத்துக்கொண்டேன்.

சம்பளம் வந்து நாலு நாள்.
சீட்டு, கடைக்கடன், தங்கச்சியின் ட்யூஷன்,
கூரைத் தகரத்தின் மூன்றாம் தவணை.
மீதி எட்டாயிரத்து இருநூறு.
இருநூறு பஸ்ஸுக்கு.

கண்ணாடி அலுமாரிக்குள் புதுசு ஒன்று,
கறுப்பு, உள்ளங்கை அகலம், பதினாலாயிரம்.
நான் அதைத் தொடவில்லை. தொட்டால் பிடித்துவிடும்.

போனில் தொங்குகிற வால் ஒன்று, மூவாயிரத்து எண்ணூறு.
போட்டுப் பார்த்தேன். பாட்டு
வாளியை விட்டு வெளியே வந்தது,
வாசல் வரைக்கும் வந்து
செருப்பைக் கழற்றாமல் நின்றது.

பிறகு, யாரோ விற்றுவிட்டுப் போன பழசு.
மூடி ஒரு பக்கம் நசுங்கல்.
குமிழைத் திருப்பினால் கால் சுற்றுக்குக் கடுகு பொரியும்.
ஒன்பதாயிரம்.

பாட்டு ஓடியது.
ஆறு வருஷமாகத் தெரிந்த பாட்டு.
பாடுகிறவளுக்குப் பக்கத்தில்
யாரோ காகிதம் புரட்டுகிறார் என்பது
எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.
முடிந்து அமைதியானதும், அடியில்,
சன்னமாக, ம்ம்ம் என்று ஒன்று.

"எர்த் பிழை. கரண்ட் இரையுது" என்றார்,
வீட்டு ரகசியத்தைச் சொல்லுகிற குரலில்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
செக்கனுக்கு ஐம்பது. அந்த ஆளை எனக்குத் தெரியும்.
மினி ஹைட்ரோவில் ராத்திரி முழுக்க
அவனுக்குப் பக்கத்தில்தான் கதிரை போட்டிருக்கிறேன்.
நாற்பத்தொன்பதுக்கு இறங்கினால்
தூக்கத்திலும் எழும்புவேன்.

விலை பேச வந்தவன் இதைச் சொல்லலாமா?
முகத்தைச் சுளித்தேன்.
"இவ்வளவு இரைச்சலா..." என்று இழுத்தேன்.
எட்டாயிரத்து ஐந்நூறு என்றார்.
ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன்,
திரும்ப எடுக்கக் கை எட்டுகிற தூரத்தில்.

மழை. கடை இருண்டது, தெருவும்.
இரைச்சல் நின்றது.
போனில் லலந்த:
"மச்சான், லைன் போய் மெஷின் விழுந்துருச்சு.
தனியா ஏலாது, வா."

இருட்டுக்குள் எட்டாயிரத்தை எண்ணிக் கொடுத்தேன்.
டோர்ச் அடித்துத் திருப்பி எண்ணினார்.
மீதியைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.
பேப்பரில் சுற்றி, நூல் கட்டி,
"எர்த் வயரை இரும்பில கட்டும், குறையும்" என்றார்.
"ஓம்" என்றேன். வாய் தவறி வந்தது.

வால்வைத் திறந்து, தண்ணீரை விட்டு,
சக்கரம் ஏற, முள் ஏற,
ஐம்பதில் நின்றதும் லைனோடு சேர்த்தோம்.
இரண்டே கால் மணி.
லலந்த போர்வைக்குள் போய்விட்டான்.

பிளக்கைக் குத்தினேன்.
முதலில் அவன்தான் வந்தான், ம்ம்ம் என்று,
காதுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே சுருதியில்.
எது பெட்டி, எது மெஷின்?
வயர் பாக்கெட்டில் கிடந்தது. கட்டவில்லை.
குமிழைத் திருப்பினேன். கடுகு பொரிந்தது.
பாட்டு வந்து கொஞ்சம் பொறுத்து
காகிதம் புரண்டது.