தக்கலைக்கு ரெண்டு

மாலை ஐந்தரைக்கு ரயில்.
அதுவரை நாகர்கோவிலில் எங்களிடம் மிச்சம்
ஓர் அரை நாளும்
ஈரம் காயாத இரண்டு துண்டும்.

அருவி என்றாள் ரெஜினி.
துண்டைக் காட்டினேன்.
அரண்மனை என்றேன்.
திங்கட்கிழமை, பூட்டு என்றாள்.
அப்புறம் சிதறால், மாத்தூர்த் தொட்டிப்பாலம்...
வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே
எல்லா இடத்துக்கும் போய்க் களைத்தோம்.

ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் கேட்டதும்
ஆளுக்கொரு ஊர் சொன்னோம்.

"தக்கலைக்கு ரெண்டு கிழிக்கேன்.
அதுவர ஒரே ரோடுதான்.
மிச்சச் சண்டைய அங்க எறங்கிப் போடுங்க."

வில்லுக்குறி தாண்டும்போது மழை.
ஷட்டரை இறக்கிவிட்டு
மட்டிப்பழம் ஒன்றை உரித்து
பாதியை என் வாயில் அடைத்தாள்,
பேச்சை நிறுத்தவோ என்னவோ.

தக்கலையில் நிறையப் பேர் இறங்கினார்கள்.
கண்டக்டர் எங்களைப் பார்த்தார்,
மறுபடி டிக்கெட் கட்டை எடுத்தார்.