எடைமேடைக் கணினி, புதுவயல்

யாரும் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்,
அழித்தது நான்தான்.
சி டிரைவ் சிவந்து கிடந்தது.
இடமில்லை, இடமில்லை என்று மூன்று நாளாக
திரை மூலையில் ஒரு பலூன்.
எடைச்சீட்டு அச்சாகி வருவதற்குள்
டிரைவர் டீ குடித்து, பீடி முடித்து
வந்துவிடுகிறார்.

உள்ளே போய்ப் பார்த்தேன்.
ஒரு கும்பல் கோப்புகள்.
உயிரெழுத்தே இல்லாமல் ஐந்தாறு எழுத்து,
ஒரு புள்ளி, பிறகு டிஎல்எல்.
நெல் கணக்கில்லை, கூலிக் கணக்கில்லை,
முதலாளி பேத்தியின் காதுகுத்துப் படமும் இல்லை.
தட்டினால் திறக்கவும் மாட்டேன் என்றன.
யாருக்கு வேண்டும் இதெல்லாம்?
அனுமதி தேவை என்றது. கொடுத்தேன்.
உறுதியா என்றது.
உறுதியாகத்தான் இருந்தேன்.

மறுநாள் காலை
கறுப்புத் திரை. வெள்ளையில் ஒரே வரி:
இன்னதைக் காணவில்லை.
அது பெயர் சொல்லித் தேடியபோதுதான்
அதற்கொரு பெயர் உண்டென்று எனக்குப் புரிந்தது.

வாசலில் ஏழு லாரி,
டயரெல்லாம் செம்மண்.
அறந்தாங்கி நெல், ஈரம் பதினேழு,
வெயில் ஏற ஏற ஹாரன்.

காரைக்குடி நூறடி ரோட்டிலிருந்து
சேவுகன் வந்தான். என் தம்பி வயசு.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டான்:
"அப்புறம் எதையாச்சும் புதுசா ஏத்துனீங்களாக்கா?"
இல்லை.
"தப்பிச்சோம். அழிச்சா போயிடாது,
இருக்கிற எடத்தோட விலாசம்தான் போவும்.
அது மேல எழுதுனாத்தான் போச்சு."

பென்டிரைவைக் குத்தி
கறுப்புக்குள் இன்னொரு கறுப்பைத் திறந்தான்.
நூற்றுக்கு நாலு. நூற்றுக்குப் பதினொன்று.
அறுபத்திரண்டில் நின்றுகொண்டது.
மூச்சை நானும் அங்கேயே நிறுத்திவைத்தேன்.
எல்லாம் வந்தன, ஒன்று மட்டும் வரவில்லை.
"இதே ரகத்துல இன்னொரு பெட்டி இருந்தா
அதுலேருந்து எடுத்துப் போட்டுடலாம்."

இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம்.
உமிச்சாம்பல் பறந்த தகராறில்
நாலு வருஷமாய்
நல்லது கெட்டதுக்கும் போக்குவரத்தில்லாத ஆலை.
ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய பெட்டிகள்;
விலை குறைத்துத் தருவார்கள் என்று
இரண்டு முதலாளிகளும்
ஒரே காரில் போய் வாங்கினார்களாம்.

முதலாளியைக் கேட்கவில்லை.
அங்கே கணக்கெழுதும் ஜெபமாலையை
பஸ்ஸில் பார்த்திருக்கிறேன், சிரித்ததில்லை.
நம்பர் தேடிப் போன் போட்டேன்.
"எத்தனை கேபி?" என்றாள்.
வேறெதுவும் கேட்கவில்லை.
பத்து நிமிஷத்தில்
சுவர் மேல் பதித்த கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே
பார்த்துப் பார்த்து நீண்டது ஒரு கை,
சாவிக்கொத்தோடு ஒரு பென்டிரைவ்.
"பீரோ சாவி. தொலைச்சுப்புடாத."

சேவுகன் ஒட்டினான்.
கறுப்பு நீலமானது.
முதல் லாரி மேடை ஏறியது,
பதினைந்தாயிரத்து அறுநூற்று நாற்பது கிலோ.
சிவப்பு எண்கள் கொஞ்சம் ஆடி
நின்றன.

சாயங்காலம் முதலாளி கேட்டார்,
காலையில் என்னவாம்?
கரண்ட், என்றேன்.

இப்போதும் எப்போதாவது
அந்தக் கோப்பைப் போய்ப் பார்ப்பேன்.
தொடுவதில்லை.
முன்னூற்றுச் சொச்சம் கேபி.
தேதி, இரண்டாயிரத்து ஒன்பது ஜூலை பதினான்கு.
நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு,
இந்தச் சுவரும் அப்போது இல்லையாம்.
யாரோ எங்கேயோ எழுதி மூடிவைத்தது,
அவர்களுடையதா எங்களுடையதா என்று
அதற்குத் தெரியாது.

சி டிரைவ் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.
பலூன் வந்தால்
பெருக்கல் குறியை மட்டும் அமுக்குகிறேன்.