தீ. பூவிழி

மேடைக்குக் கீழே இடது ஓரம்
வெள்ளை டேப் ஒட்டி எனக்கொரு கட்டம்.
அதைத் தாண்டக் கூடாது.
ஆளுக்கு மூன்று படம்:
கேடயம் வாங்கும்போது ஒன்று,
சால்வை தோளில் விழும்போது ஒன்று,
சிறப்பு விருந்தினரோடு நேராகப் பார்த்து ஒன்று.
துறைத்தலைவர் தாளில் எழுதியே கொடுத்திருந்தார்.
எனக்கு விருது இல்லை. அதனால் கேமரா.

தருமபுரி, ஏப்ரல் கடைசி,
காட்சித் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு.
விருந்தினர் கார் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் நின்றதில்
பத்து மணி விழா பதினொன்றே முக்காலுக்கு.
பென் டிரைவிலிருந்து வந்த நாதஸ்வரம்
இரண்டு முறை திக்கியது.
வானொலி நாடகம், அரூர் நவ்ஷாத்.
முதல் மதிப்பெண், எப்போதும்போல் ஏஞ்சலின் மெர்சி.
பிறகு ஆவணப்படம்.

"சிறந்த ஆவணப்படத்துக்கான விருது பெறுபவர், தீ"
என்று சொல்லி மூச்சு வாங்கினாள் அறிவிப்பாளினி.
பின்வரிசையில் இரண்டு பேர் கதவைப் பார்த்தார்கள்.
"பூவிழி" என்று முடித்தாள்.
அரங்கம் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

படத்தை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம்.
பதினோரு நிமிடம். பெயர் 'கோடு'.
பென்னாகரம் பக்கம் அவள் ஊரில்
ஆழ்குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களை
ஒவ்வொருவராக உட்காரவைத்து
"சிரிங்க" என்று மட்டும் கேட்டிருப்பாள்.
பல்லில் பழுப்புக் கோடு, சுண்ணாம்புத் திட்டு,
ஈறோரம் துரு.
பின்னணிக் குரல் இல்லை, இசை இல்லை.
ஃப்ளோரைடு என்ற சொல்கூடக் கடைசி அட்டையில்தான்.
முப்பத்திரண்டு பேர்.
எண்ணித்தான் எடுத்திருக்கிறாள் என்பது
இரண்டாம் முறை பார்த்தபோது உறைத்தது.

அந்த முப்பத்திரண்டில் அவள் இல்லை.
மூன்று வருடத்தில் நான் பார்த்ததெல்லாம்
உதட்டளவுச் சிரிப்பு.
கேன்டீனில் யாராவது ஜோக் அடித்தால்
துப்பட்டா நுனி வாய்க்கு வந்துவிடும்.

கேடயத்தை வாங்கிக் கழுத்துவரை உயர்த்தினாள்.
"கொஞ்சம் சிரிம்மா" என்றார் விருந்தினர்.
முதல்வரும் சொன்னார்.
கேடயம் மூக்குவரை ஏறியது.
என் வாய்க்கும் வந்தது அந்தச் சொல்.
அவள் கேட்டதும் சிரித்தவர்களை நினைத்து
விழுங்கிவிட்டேன்.

அப்போது ஏழாம் வரிசையில்
ஒருவர் எழுந்து நின்றிருந்தார்.
புதுச்சட்டை, கடை மடிப்பு இன்னும் கலையவில்லை.
தீர்த்தகிரி.
தன் பெயரின் முதல் எழுத்தைக் கூப்பிட்டதால்
தன்னையும்தான் கூப்பிட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ,
நின்றவர் நின்றபடி சிரித்துக்கொண்டிருந்தார்,
வாய் முழுக்க.

"டேய், படத்துல வர்றவருடா."
"ஒம்பதாவதா வருவாரே, அவரு."
ஒரு தலை திரும்பி இன்னும் நாலு தலைகளைத் திருப்பியது.
யாரோ தட்ட, எல்லோரும் தட்டினார்கள்.
விருந்தினருக்கு ஒன்றும் விளங்கவில்லை,
ஆனாலும் தட்டினார்.

நான் கட்டத்தைத் தாண்டிவிட்டேன்.
மேடைக்கு முதுகைக் காட்டி, முட்டி போட்டு,
ஆறு படம்.
திரும்பியபோது அங்கே
அடுத்தவன் சால்வையோடு நின்றான்.

மதியம் திட்டு.
"விருது வாங்கினவ படம் எங்கடா?"
மறுநாள் அதே கேடயத்தைத்
துறைத்தலைவரே மறுபடி கொடுத்தார்,
நூலகச் சுவரோரம், சால்வை இல்லாமல்.
ஆண்டு மலரில் வந்திருப்பது அதுதான்,
பக்கம் நாற்பத்தொன்று, மூடிய உதடு.

பேருந்து நிலையத்தில்
பென்னாகரம் வண்டி நகரும்போது
ஜன்னலில் குனிந்து சொன்னாள்:
"அந்த ஆறையும் அனுப்பு."

அனுப்பினேன்.
முதல் படம் ஆடியிருக்கிறது, அழித்துவிடு என்றேன்.
அவள் அழிக்கவில்லை.
பெரிதாக்கிப் பார்த்தால்
அவர் தோளுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவில்
மேடை தெரிகிறது, சின்னதாக,
வெளிச்சத்தோடு.
கேடயம் இடுப்புக்கு இறங்கியிருக்கிறது.
அதற்கு மேலே
ஆட்டத்தில் ஒன்றும் தெளிவில்லை.