எட்டாம் நாள்

மார்ச் வரைக்கும் கட்டிய ஃபீஸ்
திரும்ப வராது என்றார்கள்.
பிரகல்யா நாமக்கல் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்,
கீபோர்டு கிளாஸில் அவள் நாற்காலி காலி.
மாட்டுத் தரகன், காசை விடுவேனா,
நானே போய் உட்கார்ந்துகொண்டேன்.
பொள்ளாச்சியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடி.
எல்லாம் ஆறு வயசு, ஏழு வயசு.
என் முட்டி டெஸ்க்கில் இடிக்கிறது.

ஷெர்லி மிஸ் அஞ்சு கோடு போட்டு
முதலில் ஒரு சுருளை எழுதினாள்.
தெரிந்த உருவம்தான்:
முளைக்குச்சியில் சுற்றிய கயிறு.
கீழிருந்து ரெண்டாம் கோட்டில் கட்டியிருக்கிறது,
அந்தக் கோடு ‘ஜி’யாம்.
முளை தெரிந்தால் போதும்
மாடு எதுவரைக்கும் மேயும் என்று சொல்லிவிடலாம்.

தகராறு அடுத்த வாரம் வந்தது.
‘சி’யிலிருந்து ‘ஈ’ எத்தனை?
ரெண்டு என்று எழுதினேன். சிவப்பு மையில் சுழித்துவிட்டாள்.
ஏனுங் மிஸ், மூணு தென்னை நட்டா
நடுவுல ரெண்டு சந்துதானுங்களே?
“சந்தை எண்ண மாட்டோம் அங்கிள்,
மரத்தை எண்ணுவோம்.”

சந்தை என்றதும்
எனக்கு வியாழக்கிழமை ஞாபகம் வந்தது.
“பாக்கி இன்னைக்கு எட்டாம் நாளுங்க” என்போம்.
வியாழன் ஒண்ணு, வெள்ளி ரெண்டு,
எட்டில் மறுபடி வியாழன்.
எட்டாவதுக்கென்று தனியாகப் பேர் கிடையாது,
மாட்டுக்கு மட்டும் ஒரு வாரம் கூடியிருக்கும்.
அட, இதைத்தானா ஆக்டேவ் என்கிறார்கள்?

இருந்தும் ஒன்று பொறுக்கவில்லை:
‘ஈ’க்கும் ‘எஃப்’புக்கும் நடுவே
கறுப்புக் கட்டை நிற்க இடமில்லை.
இருபத்தஞ்சு அடி அளந்து நட்டவன் நான்.

சத்தமில்லாத இடத்துக்கும் குறி உண்டு,
கோணலாய் ஒரு கொக்கி.
வாசிக்கக் கூடாது, எண்ண வேண்டும்.
துண்டுக்கடியில் விலை பேசுகிறவனுக்கு
அதைச் சொல்லித்தர வேண்டாம்.
விரல் சும்மா கிடக்கும் நேரத்தில்தான்
ஐநூறு ஏறும், இறங்கும்.

கன்றைப் பிரித்து வண்டியேற்றும்போது
தாய் அடியில் கத்தும், கன்று உச்சியில்.
முப்பது வருஷமாய் அதை
ரெண்டு சத்தம் என்று நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கு ஞாயிறு ஹாஸ்டல் போன், அஞ்சே நிமிஷம்.
சாப்பிட்டாளாம். மாக் டெஸ்ட் சுமாராம்.
அப்புறம், “அந்தக் கீபோர்டு ஃபீஸ்
வீணாப் போச்சுங்களாப்பா?”

நாலு எண்ணினேன்.
“போகலே சாமி” என்றேன்.