ஒரு புள்ளி வலப்பக்கம்

"எழுத்து தொலைகிறது" என்று
மூன்றாம் மாடியிலிருந்து ஊர்வே மூன்றாவது முறை கூப்பிட்டபோது
புது விசைப்பலகையோடு படியேறினேன்.
பழையதில் காபி இறங்கியிருக்கும், வேறென்ன.
அகராதிக்காரர்கள் விசைப்பலகை மேல்தான் சாப்பிடுகிறார்கள்.

தார்த்து நகரில் டிசம்பர்.
ஒன்பது மணிக்குத்தான் வெளுக்க ஆரம்பிக்கும்;
அதுவரை ஆற்றுப் பாலத்தின் விளக்குகள் மட்டும்.
அவர் 'யொட்' எழுத்தில் இருந்தார்,
பதினோராவது வருஷமாக.

புதுப் பலகையிலும் தொலைந்தது.
கண்ணெதிரே.
சொல்லின் தலை இருக்கிறது, வால் இல்லை.
கர்சர் துடிப்பை நிறுத்தி
உள்ளே ஒன்றுமில்லாத கட்டமாய் நின்றது.
கவனம் இழந்த ஜன்னலில் கர்சர் அப்படித்தான்
கூடாகிப்போகும்.
(மனிதர்களைப் பற்றிச் சொல்லவில்லை.)

எழுத்துப்பிழை திருத்தியை அணைத்தேன்.
நாள்காட்டி நினைவூட்டியை,
தானாகச் சேமிப்பதை,
பேர் தெரியாத இன்னும் ஏழெட்டை.
தோல் உரித்து எலும்பாய் எடிட்டரைத் திறந்தேன்.
தொலைந்தது.

"இப்போது கவனம் யாரிடம்?" என்று
நொடிக்கு ஒருமுறை கணினியைக் கேட்கும்
நாலு வரி எழுதி ஓடவிட்டுக் கீழே போனேன்.

மறுநாள் பதிவு:
எடிட்டர் எடிட்டர் எடிட்டர் எடிட்டர்
9:14 கடிதம்
கடிதம் கடிதம் கடிதம்
எடிட்டர்

"ஒன்பது பதினாலுக்கு யாருக்குக் கடிதம் எழுதினீர்கள்?"
"ஐந்து மாதமாய் யாருக்கும் எழுதவில்லை.
பின்னால் திறந்தபடி கிடக்கும் ஒன்று."
"இந்தத் தொல்லை எப்போதிலிருந்து?"
"முதல் பனி விழுந்ததிலிருந்து" என்றவர்
தான் சொன்னதைக் கேட்டுத் தானே சிரித்தார்.

காத்திருந்தோம்.
9:14.
பனி வாரும் லாரி தெருமுனையில் திரும்பியது.
கோப்பைக்குள் கரண்டி கிணுகிணுத்தது.
ஒரு கால் குட்டையான மேசை நடுங்கியது.
மௌஸ், யார் கையும் படாமல்,
ஒரு புள்ளி,
ஒரே ஒரு புள்ளி வலப்பக்கம் போனது.

எனக்கு முன்னிருந்த ஹில்லார் வைத்துவிட்டுப் போன அமைப்பு அது:
சுட்டி நிற்கும் இடத்துக்கே கவனம். சொடுக்க வேண்டியதில்லை.
ஊர்வேயோ, எழுத்தை மறைக்கக் கூடாதென்று
சுட்டியை எப்போதும்
எடிட்டரின் கடைசி ஓரத்தில் ஒதுக்கி வைப்பவர்.
ஓரத்துக்கு அந்தப் பக்கம்
கடிதத்தின் விளிம்பு, விரல் அகலம்.

அதை முன்னால் இழுத்தேன்.
"அன்புள்ள மார்யே,
அப்பாவின் வீட்டைப் பற்றி நீ கேட்டிருந்தாய். நான்"

அதோடு நின்றிருந்தது.
அதற்குக் கீழே தினம் ஒரு பிடியாய் விழுந்தவை:
ழக்கு, தென்கிழக்கில் மட்டும்
ன்மை இல்லை
ற்றங்கரையில் கட்டிய படகின்
டாம் வேற்றுமையில் நெடில்
பிறகு, தலையோடும் வாலோடும் வந்து சேர்ந்த ஒரே சொல்:
யா.

எங்கள் மொழியில் அது பனிக்கட்டி.
'இரு, போகாதே' என்பதற்கும் அதுவேதான்.

படிக்காதவன் மாதிரி மேசைக்கடியில் குனிந்தேன்.
அட்டையை நாலாக மடித்துக் குட்டைக் காலுக்குக் கொடுத்தேன்.
அமைப்பில் ஒரு வரி மாற்றினேன்:
சொடுக்கினால்தான் இனி கவனம்.
"அந்த ஜன்னலை மூடிவிடவா?"
"வேண்டாம்" என்றார், கொஞ்சம் வேகமாக.

வெள்ளிக்கிழமை அவர் அனுப்பிய குறிப்பு:
எழுத்து தொலைவதில்லை, நன்றி.
கடிதம்தான் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

புகாரை முடித்தேன்.
'காரணம்' என்ற கட்டத்தில்
லாரி என்று எழுதினேன்.