மோலா

செக்காலை ரோட்டில் செக்கு எதையும் நான் பார்த்ததில்லை.
செல்போன் கடைக்கு மேலே
ஒரு பல் ஆஸ்பத்திரி இருக்கிறது.
புதுவயல் மில்லை அடைக்கலத்திடம் விட்டுவிட்டு
கன்னத்தைப் பிடித்தபடி படியேறினேன்.

கீழ்க்கடைவாய், இடப்பக்கம், கடைசிக்கு முந்தியது.
“மோலார். எடுத்துத்தான் ஆகணும்”
என்றார் டாக்டர் சிகப்பி.
ஊசி போட்டு, மரக்கட்டும் என்று காத்திருந்தபோது
என் சீட்டில் ‘தொழில்’ என்ற இடத்தைப் படித்து
மாவு மில்லா, என்று நிமிர்ந்தார்.
லத்தீனில் திரிகைக் கல்லுக்கு ஒரு பேர் உண்டாம்,
அதிலிருந்து வந்ததாம் இந்த மோலார்.
முதல் வருஷம் மனப்பாடம் செய்ததில்
இது ஒன்றுதான் மறக்கவில்லையாம்.

மோலாரா, என்று கேட்க வாயெடுத்தேன்.
பாதி உதடு என்னுடையதாக இல்லை.
கடைசி எழுத்து நாக்கில் ஏறாமல்
எச்சிலோடு வழிந்துவிட
“மோலா” என்றேன்.
“அதேதான்” என்று சிரித்தார்,
“கல்லுக்கு அதுதான் பேர்.”

குறடு உள்ளே போனது.
வலி இல்லை. சத்தம் மட்டும்:
கோதுமையில் கிடந்த ஆணியைக் கல் கடித்தாற்போல,
மண்டைக்குள்.
தட்டில் விழுந்ததைக் காட்டினார்.
தலை தேய்ந்து வழுவழுத்திருந்தது.

பஞ்சைக் கடித்தபடி பஸ்ஸில் வந்தேன்.
எவனோ ஒருத்தன்,
இல்லை, ஒருத்தி, அரைத்தவள் அவளாகத்தான் இருப்பாள்,
கல்லைத் தூக்கி வாய்க்குள் வைத்திருக்கிறாள்.
நாம் வாயிலிருந்து எடுத்து
வெளியே கொடுத்திருக்கிறோம்.
சீப்புக்கு, ரம்பத்துக்கு,
சைக்கிள் சக்கரத்துக்கு.
பூண்டை உரித்தால் பல்,
தேங்காயைக் கீறினாலும் பல்.
வட்டியில் வளர்ந்த சீமையில்
வட்டியும் கேட்காமல், முதலும் கேட்காமல்
இப்படி ஒரு கொடுக்கல்.
கோட்டையூர் போனது தெரியவில்லை.
கண்டனூரில் கண்டக்டர் ஏதோ கேட்டார்,
தலையை மட்டும் ஆட்டினேன்.

மில் ஓடவில்லை.
மேல்கல்லைப் புரட்டிப் போட்டு
உளியும் சுத்தியுமாக உட்கார்ந்திருந்தான் அடைக்கலம்,
புருவமெல்லாம் வெள்ளை.
“வழுக்கிருச்சுக்கா. ரவைதான் விழுகுது.
பல்லு வச்சிக்கிட்டு இருக்கேன்.”

அவன் கொத்தக் கொத்த
நாக்கு தன் பாட்டுக்குப்
பள்ளத்தைத் தேடிப் போனது.
மிளகாய் டின்னோடு நின்றவள்
எப்ப ஆகும் என்று கேட்டாள்.
இரண்டு விரலைக் காட்டினேன்.

“பல்லுப் போனா சொல்லுப் போச்சாக்கா?”
தலை நிமிராமலே கேட்டான்.

இல்லையடா. ஒன்று வந்திருக்கிறது.
பஞ்சை எடுத்த பிறகு சொல்கிறேன்.