யாருடைய ஆள்

சாவிக்கொத்தில் பதினோரு வீடு.
ஒன்றும் என்னுடையதில்லை.

உப்பலவாடி சாலையில், அரிசி மண்டி தாண்டி,
மேற்குப் பார்த்த வாசல், இரண்டு படுக்கையறை.
வில்லங்கம் முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்த்தாயிற்று.
பட்டாவில் பெயர் மாறியிருக்கிறது.
போர் தண்ணீர் லேசாக உப்பு,
பால் திரியாது, சோப்பு நுரைக்காது.
நஜிமுதீன் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டார்.
"ஐம்பத்திரண்டு சொல்லுங்க சிவக்கொழுந்து.
நோன்புக்கு முன்னாடி பணம் வேணும், பொண்ணுக்கு நிக்காஹ்.
நாப்பத்தாறு வந்தாலும் விட்ருங்க.
உங்க காதோட இருக்கட்டும்."

இருக்கிறது.
என் காதில் ஊர்ப்பட்ட எண்கள் இருக்கின்றன:
யாருக்கு எவ்வளவு கடன்,
எந்த அண்ணன் தம்பிக்குள் கையெழுத்து நிற்கிறது,
எந்தக் கடை எந்த மாதம் ஏலத்துக்கு வரும்.
மல்லாந்துதான் படுப்பேன்.
ஒருக்களித்தால் கொட்டிவிடும்.

"அப்புறம் ஒண்ணு" என்றார் நஜிமுதீன்,
"புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கு.
அந்த வெள்ளத்தப் பத்தி
நாமளா எதுவும் பேச வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை தனகோட்டி வந்தார்,
நெய்வேலி, இரண்டாம் சுரங்கம், முப்பத்தொரு வருட சர்வீஸ்.
குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய நாற்பது நாள் பாக்கி.
சுவரைத் தட்டினார், மொட்டைமாடிக்குப் போனார்,
கைப்பேசியில் திசை பார்த்தார்.
சுலோச்சனா அம்மா கூடத்திலேயே நின்றார்.
"பிளக் பாயிண்ட் எல்லாம்
ஏன் நெஞ்சு உயரத்துல இருக்கு?"

குழந்தைகள் இருந்த வீடு என்று சொல்லலாம்.
அந்தப் பொய் என் நாக்கில் ஏறி
செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேவிட்டது.
எழுப்பி அனுப்பினேன்.
"சாத்தனூர் அணை திறந்த ராத்திரி
தண்ணி இதுவரைக்கும்" என்று
சட்டைப்பையில் கை வைத்துக் காட்டினேன்.
பைக்குள் பேனாவும்
எழுதாத அச்சார ரசீதும்.

மாடியிலிருந்து இறங்கியவர் கேட்டார்,
கடைசி விலை என்ன?
அதைச் சொல்ல மாட்டேன் சார்.
நானும் ரெண்டு பர்சென்ட் தர்றேன்.
வேண்டாம் சார், எனக்கு ஒரு பக்கம்தான்.
(ரெண்டு பக்கமும் என்றால் கிட்டத்தட்ட ரெண்டு லட்சம்.
ஸ்கூட்டரின் பின்சக்கரம் வழுக்கை.)
"அப்ப நீங்க யாரு ஆளு?" அம்மா கேட்டார்.
"வீட்டுக்காரர் ஆள்."
"அவரு ஆளுன்னா தண்ணியை ஏன் சொன்னீங்க?"

பதில் கெடிலம் பாலத்தில்தான் வந்தது,
ஆறு மணிக்கு, முதுகில் லாரி ஹாரன் அடிக்க:
விலை அவருடையது, காத்தேன்.
தண்ணீர் அவருடையது இல்லையே.
இதைச் சொல்ல வண்டியைத் திருப்ப முடியுமா?
நெய்வேலி பஸ் இந்நேரம் வடலூரைத் தாண்டியிருக்கும்.

நாற்பத்தி நாலரை என்றார்கள்.
அன்று இரவே, ஒரு ரூபாய் கூட்டாமல் குறைக்காமல்,
சிங்கப்பூருக்குச் சொன்னேன்.
அம்மா கேட்டதையும், நான் சொன்னதையும்.
அந்தப் பக்கம் பேச்சில்லை.
மின்விசிறிச் சத்தம் மட்டும்,
அங்கேயா இங்கேயா தெரியவில்லை.
"அவங்ககிட்ட எவ்வளவு வாங்குனீங்க?"

சாவி ஒன்று குறைந்தது. பத்து வீடு.
தை மாதம் வேறொருவர் ஐம்பதுக்கு முடித்தார்.
மஞ்சக்குப்பம் பதிவு அலுவலக வாசலில்
மைசூர்பாகு கொடுத்தார்கள்,
எனக்கும் ஒரு துண்டு.
வாங்கிக்கொண்டேன்.

நேற்று அந்த வழியாகப் போனேன்.
கதவு திறந்திருந்தது. கூடமெல்லாம் சிமெண்ட் தூசி.
ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்று
இன்னும் கீழே, இன்னும் கீழே என்கிறாள்.
எலக்ட்ரீஷியன் பையன் சுவரைக் கொத்தி
பிளக் பாயிண்ட்டை எல்லாம்
முழங்கால் உயரத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தான்.

அவர்களுக்கு நான் யாரும் இல்லை.
நஜிமுதீனுக்கும் இப்போது இல்லை.
ஸ்டாண்ட் போட்டேன்.